ஒப்படைக்காத தரை

நான் போட்ட தரையில் மேசை ஆடுகிறது என்று எவனாவது சொன்னால், அதற்கப்புறம் அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடமாக டைல் போடுகிறேன். என் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டுப் போய், மறுநாள் காலையில் வந்து பாருங்கள். வைத்த இடத்திலேயே இருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்ததே அதனால்தான். ரசமட்டத்தின் நடுவில் இருக்கிற குமிழி லேசாகச் சாய்த்தாலே ஓடிவிடும், என் கோபமும் அந்த மாதிரிதானாம். இப்படிச் சொல்வது கரண்ட்டக்கா. அவள் கிடக்கிறாள், விடுங்கள்.

அப்பேர்ப்பட்ட நான் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், புதிதாகத் திறந்த ஒரு பெரிய மெக்சிகன் ரெஸ்டாரண்டில், பக்கத்து மேசைக்காரர்கள் காதில் விழும்படி, "ஆமா, தரைதான் கோணல்" என்று என் வாயாலேயே சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதைச் சொல்லிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும்.

நாங்கள் நாலு பேர். தரை என்னுடையது. மரவேலை உளியுடையது. உளி என்பது நாங்கள் வைத்த பெயர், ஆள் பேசுகிற பேச்சும் அந்த மாதிரிதான் இறங்கும். அந்த மரத்துக்கு மெருகேற்றுகிறவன் பாலிஷ். உளியின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவன். மின்சார வேலை கரண்ட்டக்கா. என்னைவிட நாலு வயது சின்னவள், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், ஆனாலும் நான் உட்பட எல்லோருக்கும் அவள் அக்காதான். கையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால் கட்டடத்தின் முதலாளியே ரெண்டு அடி பின்னால் போவார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் வேலை முடிந்தாலும் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், துடைத்துவிட்ட புதுத் தரையின் நட்டநடுவில் நாலு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். ரொட்டியோ பழமோ, கிடைத்தது எதுவோ அது. ஒரு தடவை மழையில் கடையெல்லாம் மூடிவிட, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நாலாகப் பங்கு போட்டோம். சாப்பிட்டு முடித்ததும் நான் உள்ளங்கையால் தரையை ஓங்கி ஒரு தட்டு தட்டி, "ஒப்படைச்சாச்சு" என்பேன். அதைச் சொல்லாமல் எந்த இடத்தை விட்டும் நாங்கள் கிளம்பியதில்லை. இந்த மெக்சிகன் ரெஸ்டாரண்ட் வரைக்கும்.

ஆமாம், அந்த இடத்தைக் கட்டிக் கொடுத்ததே நாங்கள்தான். மூன்று மாதத்துக்கு முன்னால், கடைசி நாள். மத்தியானத்துக்குள் நாற்பது மேசையையும் சரிபார்த்து முடித்துவிட்டார்கள். அதைச் செய்வது எப்போதும் உளியும் பாலிஷும்தான். உளி செய்கிற மேசைக்கு ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் கால் ஏறும், இறங்கும். உளி மேலே நின்று பலகையை இரண்டு கையாலும் அழுத்துவான். பாலிஷ் ஒல்லி, அவன் கீழே நுழைந்து மல்லாக்கப் படுத்துக்கொள்வான். "அழுத்து மச்சான்." "விடு மச்சான்." "இன்னும் அரைச் சுத்து." "போதும் மாப்ள." இப்படியே நாற்பது மேசை. தூரத்திலிருந்து கேட்டால் இரண்டு பேரும் ஏதோ பாட்டுப் பாடுவது போல இருக்கும்.

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. பானங்கள் கொடுக்கிற இடத்தில் ஒரு நீளமான கவுண்டர். ஒரே பலகை. மூன்று வாரம் அலைந்து திரிந்து உளி பொறுக்கியெடுத்த மரம். அதன் ரேகைகளை எங்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினான், பிறந்த பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. பாலிஷ் அதற்குக் கருஞ்சிவப்பில் நாலு கோட் அடித்து முடித்திருந்தான். துணியை விலக்கிக் காட்டியபோது ரேகையில் பாதி இருட்டுக்குள் போயிருந்தது. உளிக்குப் பொறுக்கவில்லை.

"நீ பாலிஷ் போடல. என் மரத்துக்குக் கரி பூசி வச்சிருக்க."

சொன்னது தனியாக இருக்கும்போது என்றால் பரவாயில்லை. முதலாளி, மேனேஜர், டிசைனர் அம்மா என்று பத்துப் பேர் நிற்கும்போது சொன்னான். பாலிஷ் லேசில் கோபப்படுகிறவன் இல்லை. அன்றைக்கு அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உன் மரத்துல வெடிப்பு இருந்துச்சு. அதை மறைக்கத்தான் பூசினேன். பேசாம விட்டிருந்தா பலகையையே தூக்கி வெளிய போட்டிருப்பாங்க."

அவ்வளவுதான். உளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனான், பாலிஷ் பின்வாசல் வழியாகப் போனான். நடுத்தரையில் நானும் கரண்ட்டக்காவும், நாலு பேருக்கு வாங்கி வைத்த சாப்பாடும். நாங்கள் தொடவில்லை. தரையைத் தட்டவும் எனக்குக் கை வரவில்லை.

அதிலிருந்து மூன்று மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. வேலைக்குக் கூப்பிட்டால், "அவன் வர்றானா? அப்ப நான் வரல" என்பது இரண்டு பேருக்கும் பாடம் ஆகிவிட்டது. எனக்குக்கூட அது பெரிதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது உளியின் தங்கச்சிதான். அண்ணன் வீட்டுக்குப் போனால் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், போகாவிட்டால் அண்ணன் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான். "நீங்க பெரியவர்னு ஒருத்தர் எதுக்கு இருக்கீங்க?" என்று போனில் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். இத்தனை வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்களை இப்படியே விட்டால் இனிமேல் ஒட்டவே ஒட்டாது என்று எனக்கும் பயம் வந்துவிட்டது.

"அண்ணே, நம்ம வேலை இன்னும் முடியல. அதான் எல்லாம் இழுத்துக்கிட்டே கெடக்கு" என்றாள் கரண்ட்டக்கா. "அந்த எடத்துலயே உக்காந்து சாப்பிட்டாத்தான் சரியாகும். நான் டேபிள் சொல்லி வைக்கிறேன். நீ ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா."

கூட்டிக்கொண்டு வருவதற்குப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. உளிக்குப் போன் செய்து, "பாலிஷ் வரல, சத்தியமா. நாம மூணு பேருதான், சத்தியமா. நம்ம கட்டின எடத்துல ஒரு நாள் உக்காந்து சாப்பிடலாம்டா, சத்தியமா" என்றேன். பாலிஷுக்கும் அதே பொய், பெயரை மட்டும் மாற்றி. இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார்கள். எனக்கே ஆச்சரியம். நமக்கும் பொய் சொல்ல வருகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு நானும் கரண்ட்டக்காவும் போய்ச் சேர்ந்தோம். எனக்கு இஸ்திரி போட்ட சட்டை. அவளுக்குக் காதில் தொங்கட்டான், அதைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"உங்க ஃபிரண்டு அப்பவே வந்துட்டார் சார். போன வாரம் ரெண்டு நாள் வெளிய நின்னு கண்ணாடி வழியா அந்த கவுண்டரையே பாத்துட்டிருந்தாரே, அவர்தானே?"

நானும் கரண்ட்டக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே போனதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வேலை நடக்கும்போது சிமெண்ட் தூசியும் சாக்குமாகப் பார்த்த இடம். இப்போது பாருங்கள், கரண்ட்டக்கா தொங்கவிட்ட செம்பு விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கு மேலே தாழ்வாக எரிகின்றன. சுவரெல்லாம் மஞ்சளும் ஊதாவும். சுட்ட சோளத்தின் வாசனை, எலுமிச்சை வாசனை, எங்கேயோ கிடார் சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில் என் தரை. நீலமும் வெள்ளையுமாகப் பூப்போட்ட டைல், ஆயிரத்துச் சொச்சம், ஒவ்வொன்றையும் நான் முட்டி தேயத் தேய வைத்தது. குதிகால் செருப்புப் போட்ட ஒரு பெண் டக் டக்கென்று அதன்மேல் நடந்து போனாள். என் நெஞ்சில் நடந்த மாதிரி இருந்தது, ஆனாலும் சந்தோஷம்தான்.

"அண்ணே, தரையப் பாத்துக்கிட்டே நடந்தா எதுலயாவது முட்டிக்குவ" என்று கரண்ட்டக்கா முழங்கையால் இடித்தாள். அவள் மட்டும் யோக்கியமா? வாயைப் பிளந்துகொண்டு விளக்கைப் பார்த்துத்தான் நடந்து வந்தாள்.

உளி ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். துணி நாப்கினால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாலாவது நாற்காலியைப் பார்த்தான், எதுவும் கேட்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் பாலிஷ் வந்தான். மச்சானைப் பார்த்ததும் அப்படியே திரும்பினான். கரண்ட்டக்கா எழுந்து ஓடிப்போய் அவன் மணிக்கட்டை உடும்புப்பிடியாகப் பிடித்தாள்.

"விடுக்கா. வரலன்னுதானே சொன்னீங்க?"

"நான் சொல்லல, அண்ணன்தான் சொன்னாரு. அண்ணன்கிட்ட அப்புறம் சண்டை போடு. இப்ப உக்காரு, பசிக்குது."

பழியை என் தலையில் கட்டிவிட்டு அவனை உளிக்கு எதிரே உட்கார வைத்தாள். இரண்டு பக்கத்திலும் நாங்கள் இரண்டு பேரும், நடுவர்கள் மாதிரி.

பரிமாறுகிற பையன் வந்தான். அவனோடு ஒரு தள்ளுவண்டியும் வந்தது. அதன்மேல் மூன்று கால் வைத்த ஒரு கல் உரல். அவகாடோவை எங்கள் கண்ணெதிரிலேயே வெட்டிப் போட்டு, வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து ஒரு குழவியால் நசுக்கினான். அதற்குக் குவாக்கமோலே என்று பெயராம். எனக்குப் பெயரா முக்கியம்? நான் உரலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இது என்ன கல்லு? முழுக்கப் பொத்தலா இருக்கு, ஆனா உதிரல?"

"எரிமலைக் கல்லு சார். அங்கேருந்தே வரவழைச்சது."

"கையால கொத்தினதா?"

"அண்ணே, அதைக் கவுத்துப் பாக்காத. உள்ள சாப்பாடு இருக்கு" என்றாள் கரண்ட்டக்கா. நல்லவேளை சொன்னாள், அதற்குள் என் கை உரலின் விளிம்புக்குப் போய்விட்டிருந்தது.

ஆனால் ருசியைச் சொல்லியாக வேண்டும். மொறுமொறுவென்ற சோள வறுவலில் அந்தப் பச்சை விழுதை அள்ளி வாயில் வைத்தால் முதலில் குளுகுளுவென்று வெண்ணெய் மாதிரி இறங்குகிறது, அப்புறம் எலுமிச்சை, கடைசியில்தான் மிளகாய் எட்டிப் பார்க்கிறது. நாலு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வழித்தோம். கல்லில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அப்புறம் டாக்கோ வந்தது. தட்டு எங்கள் பெரிய டைல் அளவு, அதன் நடுவில் இருந்ததோ இரண்டு டைலுக்கு நடுவில் இடுக்கு அடைக்கிற அளவு. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத சோள ரொட்டி, உள்ளே சுட்ட மீன், மேலே ஊதா நிறத்தில் முட்டைக்கோஸ். இது யாருக்குப் பத்தும் என்று நினைத்தேன். ஒன்றைக் கடித்ததும் வாயை மூடிக்கொண்டு இன்னும் எட்டு கொண்டுவரச் சொன்னேன்.

இத்தனைக்கும் நடுவில் அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்ட அழகைக் கேளுங்கள்.

"அக்கா, அந்தச் சிவப்புச் சட்னிய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்றான் பாலிஷ்.

"தம்பி, தள்ளணுமாம்."

"கை நீளம்தானே, அவரையே எடுத்துக்கச் சொல்லு."

"எடுத்துக்கணுமாம்பா."

"எனக்கு வேணாம்னு சொல்லிடுங்க."

"டேய், நான் என்ன போஸ்ட்மேனா?" என்று கரண்ட்டக்கா கத்தியதில் பக்கத்து மேசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது. எனக்கு உள்ளே கொதித்தது. இரண்டு பேர் மண்டையையும் பிடித்து டங்கென்று முட்டவிடலாமா என்று இருந்தது. அடக்கிக்கொண்டேன். காரியம் கெட்டுப்போகக் கூடாது, இன்றைக்கு விட்டால் இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க முடியாது.

அப்போதுதான் உளி ஒரு காரியம் செய்தான். ஒரு சின்னக் கிண்ணியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாஸ் இருந்தது. பையன் வைக்கும்போதே "ரொம்பக் காரம், தொட்டுத்தான் சாப்பிடணும்" என்று படித்துப் படித்துச் சொன்னான். உளி கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்த ஞாபகத்தில் ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மறுகணம் கண் இரண்டும் பிதுங்கி, காது சிவந்து, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆ ஆ என்றான். நான் தண்ணீரைத் தேடுவதற்குள் பாலிஷின் கை தன் கிளாஸை மச்சான் பக்கம் தள்ளியது. பாதி வழியில்தான் அவனுக்குச் சண்டை ஞாபகம் வந்தது. கிளாஸை நடு மேசையிலேயே விட்டுவிட்டு, கையை இழுத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தான். உளி எட்டி அந்தக் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். "தேங்க்ஸ்" என்று சொல்லவில்லை. ஆனால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றி முன்னால் சாய்ந்தான்.

மேசை டக்கென்று ஆடியது. என் செம்பருத்திப் பூ ஜூஸ் தளும்பி வெள்ளைத் துணியில் கொட்டியது.

நாலு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்களுக்கு என்றால் அது ஒரு ஆட்டம், அவ்வளவுதான். காகிதத்தை மடித்துச் சொருகிவிட்டுச் சாப்பிடுவார்கள். எங்களுக்கு அது அப்படியில்லை. உளி கையை எடுத்தான். மறுபடி வைத்தான். டக்.

"என் மேசையில குறை இல்ல" என்றான் என்னைப் பார்த்து. "அன்னைக்கு நாற்பதும் சரிபாத்துத்தான் வச்சோம்."

"ஆமா" என்றான் பாலிஷ், ஜன்னலைப் பார்த்தபடியே. "காலு சரியா இருந்துச்சு. நான்தான் திருகினேன். தரை எறங்கியிருக்கும்."

"தரையா?" என்றேன். குமிழி ஓடிவிட்டது. "எவன்டா சொன்னது? என் தரை எறங்குதா? எத்தனை வருஷம்டா என்னோட..."

மேசைக்கு அடியில் என் காலை ஒரு செருப்பு நசுக்கியது. கரண்ட்டக்கா. கண்ணால் அவர்கள் இரண்டு பேரையும் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவன் "என் மேசை" என்றான், இன்னொருவன் அதற்கு "ஆமா" என்றான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சி. எனக்கு எதிராக, ஆனாலும் ஒரே கட்சி. இப்போது நான் வாதாடி ஜெயித்தால் குற்றம் உளியின் மேசைக்காலுக்கோ பாலிஷின் திருகுக்கோ போகும். ஒருவனை ஒருவன் கைகாட்டுவான். பழைய கதை மறுபடியும் தொடங்கிவிடும்.

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமா" என்றேன். "தரைதான் கோணல்."

கரண்ட்டக்காவின் வாய் திறந்தபடி நின்றது. நான் சொன்னதை யாரும் கவனிக்காமல் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் என் கிரகம், சரியாக அந்த நேரத்தில் எங்கள் பின்னால் வந்து நின்றது மேனேஜர். கட்டடம் எழும்பும்போது தினமும் வந்து பார்த்தவர்தான், எங்களுக்கு வணக்கம் சொல்ல வந்திருந்தார்.

"தரை கோணலா சார்?" அவர் முகம் சுருங்கியது. "ரெண்டாவது கிளைக்குத் திங்கக்கிழமை நீங்கதானே அளவெடுக்க வர்றீங்க? முதலாளிகிட்ட... நான் இதைச் சொல்லணுமே."

"சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? கையில் இருந்த டாக்கோ திடீரென்று சப்பென்று ஆகிவிட்டது.

அதற்குள் பாலிஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டான். ஆடுகிற மேசையைப் பார்த்துக்கொண்டு அவனால் உட்கார்ந்திருக்க முடியாது, அது அவன் பிறவிக்குணம். புதுச்சட்டையைக்கூடப் பார்க்காமல் மேசைத்துணியை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டாக்கோ தட்டோடு வந்த பரிமாறுகிற பையன் அதைத் தாண்டிப் போனான்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"அழுத்து."

உளி எழுந்து நின்றான். இரண்டு கையாலும் பலகையை அழுத்தினான்.

"அழுத்திட்டேன்."

"விடு."

"விட்டுட்டேன்."

"இன்னொரு தரம் அழுத்து மச்சான்."

மச்சான்! கரண்ட்டக்கா என் கையைக் கிள்ளினாள். வலிக்கவே இல்லை.

கீழே சத்தம் நின்றுபோனது. அப்புறம் பாலிஷ் மெதுவாகச் சொன்னான், "தரையில ஒண்ணும் இல்லையே. இந்தக் காலோட திருகுதான் ஏறிக் கெடக்கு. சுத்தி என் பாலிஷ் பேந்திருக்கு. புதுக்கீறல். இன்னைக்கு விழுந்தது."

உளி குனிந்து, அவனும் மேசைத்துணிக்குள் போனான். இவ்வளவு பெரிய உடம்பு எப்படி உள்ளே போனது என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. மேசை ஒரு தரம் எகிறி அடங்கியது. மேலே நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். மேனேஜர்கூடத்தான்.

"எப்ப திருகின?" இது பாலிஷ்.

"வந்ததும். நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி. அப்பருந்து மேசை ஆடாம முட்டியால முட்டுக் கொடுத்துக்கிட்டே சாப்பிட்டேன். காலு மரத்துப் போச்சு."

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் போன்ல சத்தியமா சத்தியமான்னு மூணு தரம் சொன்னாரு. அவர் உண்மை பேசினா ஒரு தரம்கூடச் சொல்ல மாட்டாரே."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. உன் மூஞ்சியப் பாத்ததும் வீம்பு வந்துடுச்சு" என்றான் பாலிஷ். மேலே உட்கார்ந்திருந்த எனக்குக் காது சூடாகிவிட்டது. "சரி, எதுக்குத் திருகின?"

உளி கீழே புரண்டதில் மேசை லேசாக அசைந்தது.

"எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மாப்ள. மேல நின்னு நான் அழுத்தினா, கீழ உன்னத் தவிர யாரு வருவா?"

அதற்குப் பிறகு கீழே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியாது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

"அத்தனை பேர் முன்னாடி வெடிப்பைப் பத்தி நான் பேசியிருக்கக் கூடாது மச்சான்."

"வெடிப்பு இருந்துச்சே."

"இருந்துச்சு. அதுக்காக?"

"எனக்கும் தெரியும்டா. வாங்கி வந்து ஒரு வாரத்துலயே பாத்துட்டேன். தூக்கிப் போட மனசு வரல, அவ்வளவு அலைஞ்சு வாங்கினது. நீ காப்பாத்திக் கொடுத்திருக்க, அது புரியாம கரின்னு சொல்லிட்டேன். இந்த விளக்குல பாத்தா அந்தக் கவுண்டர் ராஜா மாதிரி இருக்கு. ரெண்டு நாள் வெளிய நின்னு பாத்தேன்."

"சத்தமா சொல்லு. மேல கேக்கல."

"கவுண்டர் நல்லா இருக்குடா!" என்று உளி அலறியதில் கிடார் வாசிக்கிறவர் ஒரு கணம் நிறுத்திவிட்டார். கவுண்டரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், தங்களைத்தான் யாரோ பாராட்டுகிறார்கள் என்பது போல, கிளாஸை உயர்த்திக் காட்டினார்கள்.

உளியின் தலை துணிக்கு வெளியே வந்தது. வரும்போது மேசை விளிம்பில் ணங்கென்று இடித்துக்கொண்டது. தலையைத் தேய்த்துக்கொண்டே மேனேஜரைப் பார்த்தான்.

"சார், தரையில ஒரு குறையும் இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. நான்தான் வேணும்னே திருகைச் சுத்தி வச்சேன். இவர் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டது எங்களுக்காக. இவர் மாதிரித் தரை போட இங்க ஆளே கிடையாது. முதலாளிகிட்ட அதைப் போய்ச் சொல்லுங்க."

மேனேஜர் என்னையும் பார்த்தார், துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாலிஷின் கால்களையும் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க சார்" என்றார்.

"அடப்பாவி!" என்றேன் உளியை. "என் வாயால தரை கோணல்னு சொல்ல வச்சிட்டியேடா! ஒரு போன் பண்ணியிருந்தா ஆகாதா?" திட்டினேனே தவிர, சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

சரியாக அப்போது பரிமாறுகிற பையன் பெரிய தட்டைக் கொண்டுவந்தான். மோலே. சாக்லேட்டும் மிளகாயும் இன்னும் இருபது சாமானும் போட்டு ஒரு நாள் முழுக்கக் கிண்டுகிற குழம்பாம், அதில் மிதக்கிற கோழி, பக்கத்தில் துணியில் சுற்றிய சூடான சோள ரொட்டி. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் நின்றான். மேசையில் ஜூஸ், நாற்காலிகள் இரண்டு காலி.

கரண்ட்டக்கா தட்டை அவன் கையிலிருந்து வாங்கினாள். தொங்கட்டான் ஆட, அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டைத் தனக்கு முன்னால் வைத்தாள்.

"என்ன பாத்துக்கிட்டே இருக்க? கீழ உக்காருண்ணே."

மேனேஜர் பதறிவிட்டார். "மேடம், மத்தவங்க எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும் தம்பி. இந்த லைட்டை நான் போட்டதே பாக்கறதுக்குத்தான்."

நான் உட்கார்ந்தேன். பாலிஷ் மேசைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தான், தலையெல்லாம் கலைந்து. அவன் பக்கத்தில் உளி. நாலு பேரும், ஒரே தட்டு, இரண்டு மேசைக்கு நடுவில் என் நீலப் பூ டைலின் மேல். பக்கத்து மேசைக் குழந்தை தானும் கீழே உட்கார வேண்டும் என்று அடம் பிடித்தது. சாக்லேட் போட்டு யாராவது குழம்பு வைப்பார்களா, யார் பெத்த பிள்ளை இப்படியெல்லாம் யோசித்தது என்று முனகிக்கொண்டேதான் முதல் துண்டைப் பிய்த்தேன். கருகருவென்ற அந்தக் குழம்பு முதலில் கசந்தது, அப்புறம் இனித்தது, அப்புறம் அடி நாக்கில் காரம் ஏறியது. யோசித்த பிள்ளை நல்லா இருக்கட்டும். உளி ஒரு ரொட்டியில் கோழியைச் சுருட்டி பாலிஷ் கையில் கொடுத்தான். பாலிஷ் அதைச் சாப்பிடாமல் பாதியைத் துணியில் சுற்றப் பார்த்தான்.

"எதுக்குடா?"

"உன் தங்கச்சிக்கு."

"அவளை நாளைக்கு இங்கயே கூட்டிட்டு வருவோம். நீ சாப்பிடு."

தட்டைத் துடைத்து வைத்தோம். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளங்கையை உயர்த்தி, மூன்று மாதம் தட்டாமல் விட்ட அந்தத் தரையை ஓங்கித் தட்டினேன்.

"ஒப்படைச்சாச்சு!"

என்னோடு சேர்ந்து அவர்களும் சொன்னார்கள், நாலு குரலாக. உளியும் பாலிஷும் ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டிருந்தார்கள்.

"அண்ணே" என்றான் பாலிஷ், முகத்தை ரொம்பச் சீரியஸாக வைத்துக்கொண்டு. "நீ தட்டின எடத்துல சத்தம் வித்தியாசமா கேட்டுதே. அடியில காலியா இருக்கோ?"

"எங்கடா? எந்த டைலு?"

அவர்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இஸ்திரிச் சட்டையோடு, ஊர்ப்பட்ட ஜனம் பார்க்க, தரையில் ஒரு காதை வைத்துக்கொண்டு விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.